உழவும் பாய்ச்சலும் மண்ணை என்ன செய்கின்றன? நெல்லைச் சீமை விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், நாங்குநேரிப் பக்கம் கிணற்றை நம்பிய செவல் (செம்மண்) நிலம் கொஞ்சம். இரண்டிலும் பாடுபட்டுக் கற்றதையும் மண் அறிவியல் சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் வரப்பிலும் உரக்கடை வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறவை.

நம் சீமையில் ஒரே மண் கிடையாது. தாமிரபரணிக் கரையில் வண்டலும் களியும். நாங்குநேரி, ராதாபுரத்தில் செவல். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் கரிசல். சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரி என்கிற செம்மணல். ஒரு மண்ணுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம். பதில்களைப் படிக்கும்போது உங்கள் மண் எது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண் கட்டமைப்பு என்கிறார்களே, அது என்ன?

திருக்கார்த்திகைக்குச் செய்கிற பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரியைப் பாகு பிடித்து வைத்திருக்கிறது, பொரிக்கும் பொரிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. நல்ல மண்ணும் அப்படித்தான். மணலும் வண்டலும் களியும் தனித்தனியாகக் கிடக்காமல் சிறு சிறு பருக்கைகளாகச் சேர்ந்திருக்கும். பருக்கைகளுக்கு இடையில் உள்ள பெரிய துளைகளில் மழை இறங்கும், காற்று போகும், வேர் நுழையும். பருக்கைக்கு உள்ளே இருக்கும் நுண்துளைகளில் தண்ணீர் தங்கும்.

இங்கே பாகு எது? வேர் கசியவிடும் பசை, பூஞ்சை இழைகள், நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் பிசின், மண்புழுவின் எச்சம். எல்லாமே கரிமம்தான், அதாவது செடியிலிருந்தும் உயிர்களிலிருந்தும் மண்ணில் சேர்கிற கார்பன். அதனால்தான் கட்டமைப்பையும் கரிமத்தையும் பிரித்துப் பேச முடியாது. கரிமம் பருக்கையைக் கட்டுகிறது, பருக்கை தன் உள்ளே கரிமத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறது. உருண்டையை உடைத்தால் இரண்டும் போகும்.

மண் ஆய்வுத் தாளில் கரிமம் 0.4 என்று வந்திருக்கிறது. மோசமா?

குறைவு என்ற வரிசையில்தான் வரும். நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பிரிக்கின்றன. நம் ஊர் வெயிலில் 0.4 வருவதில் வியப்பு இல்லை. மண்ணின் வெப்பம் 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்று தீர்க்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர் நாட்டு மண்ணில் 2, 3 சதவீதம் இருக்கிறது என்று படித்துவிட்டு நம் மண்ணை நொந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் 0.4-ஐ 0.5 ஆக்க என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ எடை. அதில் 0.1 சதவீதம் என்றால் 900 கிலோ கரிமம். 5 டன் மட்கிய தொழு உரம் போட்டால் பாதி எடை ஈரத்திலேயே போய்விடும். மீதியில் கால் பங்கு கரிமம் என்று வைத்தாலும் 600 கிலோவைச் சுற்றித்தான் வரும். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடும், நிலைத்து நிற்பது நூறு நூற்றைம்பது கிலோ இருந்தால் பெரிது. ஆக, ஆண்டுதோறும் விடாமல் போட்டாலும் ஆறிலிருந்து ஒன்பது ஆண்டு பிடிக்கும். அதுவும் ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டே மறுபக்கம் உழவில் செலவழிக்காமல் இருந்தால்தான்.

உழுதால் கரிமம் குறையுமா? தாத்தா காலத்திலிருந்து உழுதுகொண்டுதானே இருக்கிறோம்?

குறையும். உழும்போது பருக்கை உடைகிறது. உள்ளே பத்திரமாக இருந்த கரிமம் வெளியே வந்து காற்றும் ஈரமும் பட்டவுடன் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிறது. அவை தின்று கரியமில வாயுவாக விட்டுவிடுகின்றன. கூடவே தழைச்சத்து கொஞ்சம் விடுபடும். உழுத நிலத்தில் பயிர் முதலில் 'குப்'பென்று பச்சை பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பச்சை சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்த பணம் மாதிரி.

தாத்தா காலத்து உழவும் நம் உழவும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிப் பிளந்தது, புரட்டிப்போடவில்லை. மாடு சாணம் போட்டுக்கொண்டே நடந்தது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை விழுந்தது, குளத்துக் கரம்பை (குளத்தடி வண்டல்) வண்டி வண்டியாக வந்தது, வரப்பில் நின்ற வேம்பு, பூவரசு, கிளுவைத் தழை எல்லாம் வயலுக்குள் போனது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழிகள் பல இருந்தன. இப்போது உழவு மட்டும் நான்கு மடங்கு வேகமாகிவிட்டது, திருப்பிக் கொடுப்பது ஒவ்வொன்றாக நின்றுபோனது. எனக்கு உழவைவிட இதுதான் பெரிய கவலை.

அப்படியென்றால் சித்திரை உழவு வேண்டாமா? பொன்னேர் பூட்டுவதை விட்டுவிட முடியுமா?

பொன்னேரை யாரும் விட வேண்டாம். சித்திரை முதல் நாள் விடியலில் மாட்டுக்குப் பொட்டு வைத்து ஊரே சேர்ந்து ஏர் பூட்டுகிற வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கேள்வி அந்த ஒரு நாளைப் பற்றியது இல்லை, அதற்குப் பிறகு கோடை முழுக்க எத்தனை உழவு என்பதைப் பற்றியது.

'சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்' என்று பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. செவல் நிலத்தில் மேல்மண் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும். கோடைமழை ஒரு மணி நேரம் கொட்டினாலும் வழிந்து ஓடிவிடும். ஒரு சால் உழுது வைத்தால் அந்த மழை உள்ளே இறங்கும். கோரைக் கிழங்கு மேலே வந்து காயும், கூட்டுப்புழுக்களைக் கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். ஒரு உழவுக்கு இத்தனை ஆதாயம் உண்டு.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், பங்குனியில் ஒன்று, சித்திரையில் இரண்டு, வைகாசியில் ஒன்று என்று மழையே இல்லாமல் புழுதி பறக்க உழுவதில். வெயிலில் வெந்த அந்தப் புழுதியில் மழை விழுந்த இரண்டு மூன்று நாளில் நுண்ணுயிர்கள் வெறிகொண்டு வேலை செய்து கரிமத்தைக் கரைத்துவிடும். பொருக்கு மண்ணும் மழைத்துளி பட்டுக் கரைந்து, துளைகளை அடைத்து, முன்பைவிடக் கெட்டியான ஓடாகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசுகிற காற்றில் நுண்மண் பறப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பறப்பதில் கரிமம் அதிகம் ஒட்டிய பங்குதான் முதலில் போகும், ஏனென்றால் அதுதான் லேசு.

என் வழக்கம் இது: கோடைமழை ஒன்று பெய்து பதம் வந்த பிறகு ஒரே ஒரு உழவு, சரிவுக்குக் குறுக்கே. கட்டிகளை உடைக்காமல் அப்படியே விட்டுவிடுவேன். கட்டியும் குழியுமாகக் கிடக்கிற நிலம்தான் அடுத்த மழையைப் பிடிக்கும்.

ரோட்டவேட்டர் விட்டால் மண் பூப்போல ஆகிறதே, அது நல்லதுதானே?

கண்ணுக்கு நல்லது. விதை போடவும் வசதி. ஆனால் நன்றாகப் பொலபொலவென்று இருப்பது வேறு, பொடியாக இருப்பது வேறு. பொலபொலப்பு என்பது பருக்கைகள் தனித்தனியாக, முழுசாக இருப்பது. பொடி என்பது பருக்கையே இல்லாமல் போனது. முதல் பாய்ச்சலிலேயே பொடி படிந்து மூடிக்கொள்ளும், முளை முட்ட முடியாமல் வளையும்.

இன்னொரு கேடு அடியில் நடக்கிறது. ரோட்டவேட்டரின் கத்தி ஒரே ஆழத்தில், பெரும்பாலும் நான்கைந்து அங்குலத்தில், சுற்றிச் சுற்றி அடிமண்ணைத் தட்டி மெழுகிவிடுகிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை என்று பத்து வருடம் ஓடினால் அங்கே ஒரு தளம் போட்ட மாதிரி ஆகிவிடும். வேர் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

அடியோடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழவும், வாழைத்தண்டை வெட்டி மண்ணோடு கலக்கவும் அது அருமையான கருவி. அதற்கு மட்டும் வையுங்கள். சாதாரண உழவுக்குக் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்) போதும்.

எந்த ஈரத்தில் உழுவது சரி?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். எத்தனை உழவு என்பதைவிட எந்த ஈரத்தில் என்பது முக்கியம்.

நாலு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கையில் இறுக்குங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர்ந்தால் அதுதான் பதம். உள்ளங்கையில் உருட்டிப் பென்சிலைவிட மெல்லிய திரியாக வந்தால் ஈரம் அதிகம், கலப்பையை வெளியே நிறுத்துங்கள். உருண்டையே பிடிக்காமல் தூளாகக் கொட்டினால் காய்ந்துவிட்டது, உழுதால் பாதி கட்டியும் பாதி புழுதியுமாக உடையும்.

ஒரு ஐப்பசியில் நான் இதைக் கேட்காமல் போனேன். மழை விட்ட மறுநாளே டிராக்டர் கிடைத்தது, விட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். செவல் நிலத்தில் சேறு ஒட்ட ஒட்ட உழுதாயிற்று. வெயில் அடித்ததும் செங்கல் செங்கல்லாகக் கட்டி. அந்தப் பருவம் உளுந்து சொட்டை சொட்டையாகத்தான் முளைத்தது. அந்தக் கட்டிகள் கரைந்து நிலம் பழைய நிலைக்கு வர மூன்று வருடம் ஆனது. பத்து நாள் காத்திருந்திருக்கலாம்.

நெல் வயலில் தொழி அடிக்கிறோமே, அது மண்ணைக் கெடுப்பதுதானே?

கட்டமைப்பைப் பொறுத்தவரை ஆமாம், தெரிந்தே கெடுக்கிறோம். தண்ணீர் கட்டி, டிராக்டருக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்டு மிதித்து, பரம்படித்து மண்ணைக் கூழாக்குவதன் நோக்கமே பெரிய துளைகளை அடைப்பதுதான். அப்போதுதான் தண்ணீர் கீழே ஓடாமல் நிற்கும், களையும் அடங்கும். நடவு வயலில் அரை அடிக்குக் கீழே உருவாகும் கெட்டி அடுக்கு நெல்லுக்கு வரம். அதே அடுக்கு நெல்லுக்குப் பின் வருகிற உளுந்துக்கும் வாழைக்கும் தடை.

ஆனால் கரிமக் கணக்கு இங்கே வேறு மாதிரி போகும். தண்ணீர் நிற்கிற மண்ணில் காற்று இல்லை, மட்குவது மெதுவாகிறது. அதனால் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவமும் விடாமல் விளைந்த ஆற்றுப்பாசன வயல்களில் பக்கத்துப் புஞ்சையைவிடக் கரிமம் கூடுதலாகவே இருப்பது வழக்கம். கட்டமைப்பு உடைந்த மண்ணில் கரிமம் தங்குகிறது என்பது முரண்பாடாகத் தெரியும். உடைந்த உருண்டையைத் தண்ணீர் மூடிக் காக்கிறது, அவ்வளவுதான்.

செய்யக்கூடியது என்னவென்றால், தொழி உழவைத் தேவைக்கு மேல் நீட்டாமல் இருப்பது. மணல் கலந்த வயலுக்குத்தான் நன்றாக மிதிக்க வேண்டும். களிமண் வயலில் இரண்டு சால் போதும். நாலாவது, ஐந்தாவது சால் டீசல் செலவுதான். நிலத்தைச் சமன் செய்வதில் அந்தப் பணத்தைப் போடுங்கள். மேடு பள்ளம் இல்லாத வயலுக்குக் குறைந்த தண்ணீரும் குறைந்த மிதியும் போதும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் செய்தால் மண்ணுக்கு நல்லதா?

வயலை இடையிடையே காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டுகிற இந்த முறை தண்ணீருக்கு நல்லது, காற்றுமண்டலத்துக்கு நல்லது, வேருக்கும் நல்லது. மண் கரிமத்துக்கு மட்டும் சின்ன நட்டம் உண்டு.

தண்ணீர் நிற்கும் வயலில் காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் விடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, தண்ணீரும் கால் பங்கு அளவுக்கு மிச்சமாகும். அதே நேரம் காற்று உள்ளே போவதால் மட்குவது கொஞ்சம் வேகமாகும். அடித்தாளை வயலிலேயே விட்டு, பசுந்தாள் உரமும் கொடுத்துவந்தால் அந்த நட்டத்தை ஈடுகட்டலாம்.

செய்முறை எளிது. 40 செ.மீ. நீளக் குழாயின் அடிப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி 5 செ.மீ. கட்டுங்கள். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரமும் காயவிடக்கூடாது. களிமண்ணில் வெடிப்பு விழும் அளவுக்கு விடாதீர்கள். வெடிப்பு ஆழமானால் அடுத்த பாய்ச்சலில் பாதித் தண்ணீர் அதன் வழியாக நேரே கீழே போய்விடும்.

ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். இது கையில் மடை இருக்கிறவருக்குச் சொல்கிற யோசனை. முறை வைத்து விடுகிற கால்வாயில், அதுவும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடையில் இருக்கிறவர், வரும்போது பிடித்து நிறுத்தாமல் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒரு மடையில் பாய்கிற பத்துப் பேர் சேர்ந்து நாள் குறித்தால்தான் இது நடக்கும்.

அறுவடை வண்டி போன தடத்தில் பயிர் குட்டையாக நிற்கிறது. என்ன செய்யலாம்?

அடிமண் இறுகிவிட்டது. உறுதி செய்ய ஒரு மழைக்குப் பின், ஈரம் நன்றாக இருக்கும்போது, ஒரு முனை கூர்மையான இரும்புக் கம்பியைத் தடத்திலும் தடம் படாத இடத்திலும் குத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் கை தடுக்கிறதோ அங்கே அடுக்கு இருக்கிறது. பிறகு அந்த இடத்தில் தோண்டி வேரைப் பாருங்கள், நேரே போகாமல் எல் எழுத்து மாதிரி மடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

புஞ்சையிலும் வாழை வைக்கப்போகிற நிலத்திலும் உளிக்கலப்பை நல்ல தீர்வு. அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, 40 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குக் கீற வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். இதை நிலம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் அடுக்கு நொறுங்கும். ஈரத்தில் செய்தால் வெண்ணெயில் கத்தி இறக்கிய மாதிரி ஒரு கீறல் விழும், அவ்வளவே. கீறிய கையோடு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும், ஆழவேர் விடும் சணப்பு அல்லது துவரையும் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பருவத்தில் மண் மறுபடி அமர்ந்துவிடும்.

நெல்லையே தொடர்ந்து போடுகிற வயலில் உளிக்கலப்பை இறக்காதீர்கள். தண்ணீர் நிற்காமல் போய்விடும். அங்கே தடுப்பதுதான் வழி: அறுவடைக்குப் பத்து நாள் முன்னதாகத் தண்ணீரை வடித்துவிடுவது, சேறான வயலுக்கு டயர் வண்டியை விடாமல் பெல்ட் வண்டிக்குக் காத்திருப்பது, நெல் ஏற்றுகிற டிராக்டரை வரப்போரத்திலேயே நிறுத்துவது. முதல் மிதியில்தான் மண் பெரும்பாலும் அமுங்குகிறது. அதனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகச் சொல்லுங்கள், வயல் முழுக்கச் சுற்ற விடாதீர்கள்.

வாழைக்கு வாய்க்கால் பாய்ச்சலா, சொட்டுநீரா? மண்ணைப் பொறுத்து எது மேல்?

காய்ந்த மண்ணில் திடீரென்று வெள்ளமாகத் தண்ணீர் பாயும்போது பருக்கைக்குள் இருக்கும் காற்று சிக்கிக்கொண்டு உள்ளிருந்தே வெடிக்கிறது. சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கட்டியைப் போட்டால் குமிழி விட்டுக்கொண்டு கரைவதைப் பார்க்கலாம், அதே வேலைதான். களக்காட்டிலும் ஏரலிலும் ஏத்தன், கோழிக்கூடு வாழை ரகங்கள் போட்டிருக்கிற தோட்டங்களில், பத்து நாள் காயவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் திறந்துவிடுகிற வழக்கம் மண்ணை மெல்ல மெல்லக் கூழாக்கி இறுக்குகிறது. சொட்டுநீரில் இது நடக்காது. மண் மெதுவாக நனைகிறது, மேலே சருகு போட்டால் மூடாக்கும் கலையாமல் நிற்கும்.

சொட்டுநீரிலும் ஒரு கண் வேண்டும். நனைகிற வட்டத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். முதல் மழை லேசாகத் தூறும்போது அந்த உப்பு வேர்ப்பக்கம் இறங்கும். அந்த நேரத்தில் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட்டால் உப்பு உள்ளே வராது. மழை பெய்யும்போது மோட்டார் போடுகிறானே என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

வாய்க்கால் பாய்ச்சல்தான் முடியும் என்றால், வெட்டின வாழையின் தண்டையும் இலையையும் தோட்டத்துக்கு வெளியே தள்ளாமல் நறுக்கி வாய்க்காலின் ஓரத்திலேயே போடுங்கள். தண்ணீரின் வேகம் மட்டுப்படும். தாரும் இலைக்கட்டும் மட்டும் சந்தைக்குப் போகட்டும். வாடல் நோய் வந்த மரத்தை மட்டும் இப்படிப் போடக்கூடாது.

கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய பிறகு மண் சிமென்ட் மாதிரி ஆகிறது. ஏன்?

பெரும்பாலும் சோடியம். திசையன்விளை, ராதாபுரம், உடன்குடி என்று கடலோரத்தை ஒட்டி ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகப் போகப் போக உப்பு ஏறுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். சோடியம் களிமண் துகள்களை ஒன்றையொன்று தள்ளிவிடச் செய்யும். பருக்கை பிரிந்து, துகள் மிதந்து, துளைகளை அடைத்து, காய்ந்ததும் பலகையாக இறுகும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. கோலிக்குண்டு அளவு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி மெல்ல வையுங்கள், ஆட்டாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டி அப்படியே நின்றால் சந்தோஷப்படலாம். கட்டி சரிந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் கரிமப் பற்றாக்குறை. கட்டியைச் சுற்றி டீ கலந்த மாதிரி கலங்கல் பரவினால் சோடியம்.

இந்த மூன்றாவது வகைக்கு எத்தனை உழவு உழுதாலும் தீராது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, உப்பை வடிகாலில் வெளியேற்ற வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண்ணும் தண்ணீரும் ஆய்வு செய்துதான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீரை ஆய்வுக்குக் கொடுக்கும்போது உப்பு மட்டும் பார்க்கச் சொல்லாமல் சோடியமும் பைகார்பனேட்டும் கேளுங்கள். உவர் ஏறும் நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு உயர்த்திப் பிடித்து வைப்பதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

கரிசலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். கரிசலின் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பே அதற்கு உழவு. நாம் கெடுத்ததை ஒரு கோடையில் அது ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். செவலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் ஒரே தப்பைச் செவலில் செய்தால் விலை அதிகம்.

கரிசலில் உழவைவிட மழையை நிறுத்துவதுதான் பெரிய வேலை. மானாவாரியில் பருத்தி, உளுந்து, கம்பு, மக்காச்சோளம் போடுகிறவர்கள் புரட்டாசிக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே சால் எடுத்தோ, சிறு சிறு பாத்தி கட்டியோ வைத்தால் வடகிழக்குப் பருவமழை நின்று இறங்கும். மழை தொடங்கிவிட்டால் பிசுபிசுத்து ஆளும் மாடும் டிராக்டரும் உள்ளே போக முடியாது என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேரியிலும் மணல் செவலிலும் கரிமம் ஏறவே மாட்டேன் என்கிறது. வழி உண்டா?

மணலுக்குக் கரிமத்தைப் பிடித்து வைக்கக் கை இல்லை. களித் துகள்தான் அந்தக் கை. எனவே முதலில் களி கொடுங்கள். கோடையில் குளத்துக் கரம்பையை வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி அடித்தால் அது ஒரு தலைமுறைக்கு நிற்கும். எடுக்கும் முன் அந்தக் கரம்பையிலும் உப்பு இருக்கிறதா என்று ஒரு மாதிரி கொடுத்துப் பாருங்கள். களிமண் வயலுக்கு இதைக் கொட்டாதீர்கள், இருக்கிற இறுக்கம் இன்னும் கூடும்.

அதன் மேல் கொளுஞ்சி. இந்த மண்ணில் தண்ணீர் கேட்காமல் தானாக வளர்கிற செடி, ஆடு மாடும் அதிகம் தொடாது. விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழலாம். ஆட்டுக்கிடை கிடைத்தால் விடாதீர்கள். தேரியில் உழவே குறைவாக இருக்க வேண்டும், கலைந்த மணலைக் காற்று சும்மா விடாது.

2023 வெள்ளத்தில் வயலில் மணல் படிந்தது. உழுது கலப்பது சரியா?

அந்த டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஆற்றோரத்தில் சில வயல்களில் வண்டல், சிலவற்றில் வெறும் மணல். இரண்டு அங்குலம்வரை மணல் என்றால் தொழு உரத்தோடு சேர்த்து உழுது கலந்துவிடலாம். அரை அடிக்கு மேல் என்றால் எடுத்துவிடுவதுதான் நல்லது. மேலே மணல், கீழே களி என்று அடுக்காகக் கிடந்தால் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே தேங்கி வேர் அழுகும். நுண்வண்டல் படிந்த வயல்காரர் கொடுத்துவைத்தவர், காய்ந்து ஓடாகும் முன் ஒரு கொத்துக் கலப்பை ஓட்டினால் போதும்.

உழாமலே விவசாயம் செய்ய முடியுமா?

நாம் ஏற்கெனவே செய்கிறோம், அதற்குப் பெரிய பெயர் வைக்கவில்லை. பிசான அறுவடைக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நின்ற நெல்லுக்குள் உளுந்தைத் தூவுகிறோமே, அதுதான். நெல்வேர் விட்ட துளையிலேயே உளுந்து வேர் இறங்கும், மீதி ஈரத்திலேயே விளையும். அறுவடை வண்டி வந்த பிறகு முளைகள் நசுங்குவதால் பலர் இதை விட்டுவிட்டார்கள். வண்டி போகும் தடத்தை முன்பே வரையறுத்துக்கொண்டால் முக்கால் பங்கு பயிரைக் காப்பாற்றலாம் என்பது என் அனுபவம்.

ஆனால் உழவை நிறுத்தினாலே மண் கரிமத்தை அள்ளிச் சேர்த்துவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பல நாட்டு நீண்டகாலச் சோதனைகளில் உழாத நிலத்தின் மேல் 10 செ.மீ.-ல் கரிமம் கூடியிருக்கிறது, அடியில் உழுத நிலத்தைவிடக் குறைவாகவும் இருந்திருக்கிறது. மொத்தத்தில் ஆதாயம் சின்னது. மேலே கூடுவதே பெரிய நன்மைதான், மழை இறங்கும், ஓடு கட்டாது. ஆனால் கரிமம் உண்மையில் வருவது வேரிலிருந்தும் தாளிலிருந்தும் எருவிலிருந்தும். உழவைக் குறைப்பது ஓட்டையை அடைப்பது. குடத்தில் தண்ணீர் ஊற்றுவது வேறு வேலை.

வைக்கோல் முழுவதையும் கட்டு கட்டி விற்கிறோம். மண்ணுக்கு நட்டமா?

ஆமாம். கேரள லாரி வந்து காசு கொடுக்கும்போது விற்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. தாளை ஒரு சாண் உயரம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், மீதியை விற்றுக்கொள்ளுங்கள். எரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். விற்றால் மாட்டுக்காவது ஆகும், எரித்தால் யாருக்கும் இல்லை.

மீத்தேனைக் குறைத்தால், மண்ணில் கரிமம் சேர்த்தால் பணம், அதாவது கார்பன் கிரெடிட் தருகிறோம் என்று ஆட்கள் வருகிறார்கள். சேரலாமா?

ஒப்பந்தத்தை முழுக்கத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வருடம் கட்டுப்படுத்தும், நடுவில் ஒரு பருவம் முறை மாறினால் என்ன ஆகும், நிலம் கைமாறினால் யார் பொறுப்பு, அளக்கும் செலவு யாருடையது, பணம் எப்போது வரும் என்ற ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் வேண்டும். நெல்லில் மீத்தேனைக் குறைப்பதற்குத் தருவதும், மண்ணில் கரிமம் சேர்ப்பதற்குத் தருவதும் வேறு வேறு. குறைத்த மீத்தேன் குறைந்ததுதான். மண்ணில் சேர்த்த கரிமம் இரண்டு கோடை உழவில் திரும்பிப் போய்விடக்கூடியது, அதனால்தான் அதற்கு நீண்ட நாள் கட்டுப்பாடு போடுகிறார்கள்.

மாற்றம் தெரிய எத்தனை நாள் ஆகும்? எப்படிப் பார்ப்பது?

ஆய்வுத் தாளில் எண் மாற நான்கைந்து வருடம். மம்பட்டி முனையில் ஒரே வருடத்தில் தெரியும். தை, மாசியில் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு கட்டி மண்ணைச் சதுரமாக வெட்டி எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு பலகையில் போடுங்கள். கற்கண்டு மாதிரி உடைகிறதா, செங்கல் மாதிரி இரண்டாகப் பிளக்கிறதா? வேர் உள்ளே ஊடுருவியிருக்கிறதா, விளிம்பில் மட்டும் படர்ந்திருக்கிறதா? மண்புழுத் துளை எத்தனை? செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

ஆய்வுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதே மாதத்தில், அதே வயலில் எடுங்கள். மாசியில் எடுத்ததையும் ஆடியில் எடுத்ததையும் ஒப்பிட்டால் எண் ஏமாற்றும். பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்துத் துணிப்பையில் கட்டுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல், மடைவாய் ஆகியவற்றில் எடுக்க வேண்டாம். பைக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.